எஃப்.சி. பெயிண்டுக்கு அடியில்

நான் படித்தது எம்.ஏ. தொல்லியல். பார்க்கும் வேலை பழைய லாரிகளுக்கு மதிப்பீடு. நாமக்கல்லில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. அவர்கள் கடன் கொடுக்கும் முன் வண்டியைப் பார்த்து நான் ரிப்போர்ட் எழுத வேண்டும். "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இன்னும் கேட்கிறார்கள். அகழாய்வு வேலை வரும் வரை பட்டினி கிடக்க எனக்கு வசதியில்லை. அதுதான் சம்பந்தம். அதே படிப்பைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. புரோக்கரின் டீ

சேர்ந்த புதிதில் நடந்தது. திருச்செங்கோட்டு டிரைவர் முருகேசன், அதுவரை அடுத்தவர் வண்டியையே ஓட்டியவர், முதல்முறையாகச் சொந்த லாரி வாங்க வந்தார். கடனுக்கு வீட்டை ஈடாக வைத்திருந்தார். வண்டி படுத்தால் வீடு போகும்.

வண்டி பளபளவென்று நின்றது. விற்க வந்த புரோக்கர் பொன்னுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கீங்க அம்முணி? ஆட்டோமொபைலா?"

"தொல்லியல்."

"அட, பானை ஓடு பொறுக்கறதுங்களா! இதுக்குள்ள பானை ஒண்ணும் கெடைக்காதுங்க. எஞ்சினைப் பாருங்க, கையெழுத்தைப் போடுங்க. டீ வருது."

டீ வேண்டாம் என்றேன். வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

ஒவ்வொரு முறை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போதும் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் சேர்த்துத்தான். பழைய பூச்சை யாரும் சுரண்டுவதில்லை, அதன் மேலேயே அடித்துவிடுவார்கள். அகழாய்வுக் குழியில் தெரியும் மண்ணடுக்கு போலத்தான் இதுவும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. சின்னக் கத்தியால் சேஸிஸின் பின்பக்கம் சுரண்டினேன். கறுப்பு, அதன் கீழே சில்வர், அதன் கீழே மறுபடி கறுப்பு. கேபினுக்குப் பின்னால் சுரண்டினேன். ஒரே கறுப்பு, அடுத்து நேராக இரும்பு.

பொன்னுசாமி குனிந்து கத்தினார். "பெயிண்டைக் கெடுக்காதீங்க! அங்க துருப் புடிச்சிருந்துச்சு. கிரைண்டிங் போட்டுப் புதுசா அடிச்சோம், அவ்வளவுதானுங்க."

இருக்கலாம். ஒரே குழியை வைத்து முடிவு சொல்லாதே என்று கல்லூரியில் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார்கள். சேஸிஸின் எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தைச் சுரண்டினேன். அங்கேயும் ஒரே பூச்சு.

"ஏனுங்க, துரு என்ன டேப் வெச்சு அளந்தா புடிக்கும்? ரெண்டு பக்கமும் ஒரே நேர்ல?"

எமரி தாளால் தேய்த்தேன். வெல்டிங் கோடு தெரிந்தது. எங்கோ மோதிய வண்டி. சேஸிஸை வெட்டி ஒட்டி, மேலே பெயிண்டை அடித்து மறைத்திருக்கிறார்கள்.

2. மேனேஜரின் போன்

பொன்னுசாமி உடனே என் மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் என்னை அழைத்தார்.

"அவர் நமக்கு நெறைய வண்டி கொண்டு வர்றவரும்மா. சேஸிஸ் சுமார்னு எழுதிட்டு வா."

"வெட்டி ஒட்டினதுன்னுதான் எழுதுவேன் சார். வேற மாதிரி வேணும்னா நீங்க வந்து கையெழுத்துப் போடுங்க."

அவர் வரவில்லை. முருகேசனுக்கோ என் மேல்தான் கோபம்.

"நல்ல நாள் பாத்து வந்தனுங்க. எம்பட பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"அடியில பூந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க."

புகுந்தார். வெல்டிங் கோட்டை விரலால் தடவியபடியே படுத்திருந்தார். வெளியே வந்ததும் பொன்னுசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"லோடு ஏத்திக்கிட்டு மலை எறங்கறப்ப இந்த ஒட்டு உட்டுச்சுன்னா எம்பொண்டாட்டிக்கு நீயாய்யா பதில் சொல்லுவ?"

அந்த வண்டியை அவர் வாங்கவில்லை. எனக்கு நன்றியும் சொல்லவில்லை. பிறகு வேறொரு வண்டியோடு வந்தார், புரோக்கர் இல்லாமல்.

"எஞ்சினை நானே பாத்துட்டனுங்க மேடம். நீங்க அடியில மட்டும் பாருங்க."

பார்த்தேன். நல்ல வண்டி. அப்படியே எழுதினேன்.

படித்தவர்களே, பட்டத்தைக் காட்டி யாரிடமும் கெஞ்சாதீர்கள். கிடைத்த வேலையில் அழுக்கோடு படுத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். எழுதியதை மாற்றச் சொல்லி யார் போன் செய்தாலும் மாற்றாதீர்கள்.