குசினியில் எழுந்த புகை

போரில் அரிசி கிடைக்காததால் திருகோணமலையில் எங்கள் வளவெங்கும் மரவள்ளியும் கீரையும் பயிரிட்டிருந்தேன். துறைமுகத்தில் குண்டு விழுந்ததும் குடும்பத்தோடு கட்டைபறிச்சான் கிராமத்துக்கு ஓடினோம். ஒரு வாரம் கழித்துக் கிழங்கு பிடுங்க நான் மட்டும் திரும்பி வந்தபோது எங்கள் குசினியில் புகை எழுந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் என் சட்டியில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரைக் கேட்டுப் பிடுங்கினாய்?" என்று கத்தினேன்.

அவள் எழுந்து நின்றாள். "குண்டில வீடும் போச்சு, என்ர ரெண்டு பிள்ளையளும் செத்துப்போச்சுதுகள் அக்கா. பசி தாங்க ஏலாமல் வந்தனான். கீரை வாடக்கூடாதெண்டு தண்ணி விட்டனான்."

திரும்பிப் பார்த்தேன். அந்த வெயிலிலும் பாத்திகள் பச்சையாக நின்றன.

அவள் கிழங்கைத் தட்டில் வைத்து நீட்டினாள். "தூரத்தால வந்திருக்கிறியள். முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ."

அவளையும் என்னோடு கூட்டிப்போனேன். ஆனால் எதையும் 'என் சாப்பாடு' என்று சொல்ல இன்றும் நாக்குக் கூசுகிறது.