பிரவுசர் ஒப்புக்கொள்ளாத தேதி

இன்று ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் சரிசெய்யப் போனேன். தொழிலாளர் காப்பீட்டு இணையதளத்தைத் திறந்தால், ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று பிரவுசர் அடம்பிடித்தது.

பார்த்தால், கம்ப்யூட்டரில் போன மாதத் தேதி. மாற்றினேன். தளம் உடனே திறந்தது.

எச்ஆர் பதறிவிட்டார்.

“இன்னா சார் பண்ணீங்க? நாங்கதான் மாத்தி வெச்சோம். நேத்து பிரஸ் மெஷின்ல ஒரு கான்ட்ராக்ட் ஆளுக்குக் கை போயிடுச்சி. அவர் பேரை இன்னும் இன்சூரன்ஸ்ல பதியவே இல்ல. போன மாசமே பதிஞ்ச மாதிரி காட்டணும்.”

“சைட்டு நம்ம கம்ப்யூட்டர் தேதியை எடுத்துக்காது சார்.”

“அதெல்லாம் தெரியாது. பழையபடி வெச்சிக் குடுங்க.”

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் அந்த மனிதருக்கு இரண்டு கையும் இருந்தது. அதைப் பழையபடி வைத்துக் கொடுக்க இங்கே யாருக்காவது தெரியுமா?