மூடி வரை நிரப்பிய இஞ்சி பியர்

கிருஷ்ணராஜ் சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆனாலும் குண்டசாலையில் அவன் குடியிருக்கும் ஒழுங்கை முழுக்க அவனுக்குப் 'பியர்க்காரன்' என்றுதான் பெயர். அது வெறும் இஞ்சி பியர். இஞ்சி, சீனி, தேசிக்காய், ஒரு சிட்டிகை ஈஸ்ட், அவ்வளவுதான். கண்டி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக அட்டெண்டன் வேலை. லீவு நாளில் மற்றவர்கள் டீவி பார்ப்பார்கள்; இவன் வாளியைத் திறந்து நுரை எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பான். பைத்தியம் என்றால் பைத்தியம்தான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

இதை மேல்வீட்டு மங்களேஸ்வரி அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கிருஷ்ணராஜ் வாடகைக்கு இருக்கும் கீழ்வீடும் அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் கிருஷ்ணராஜ் ஜக்கையும் புனலையும் வைத்துக்கொண்டு போத்தலில் ஊற்றினான். பாதி போத்தலுக்குப் போனது, மீதி தரைக்குப் போனது. எறும்பு சாரை சாரையாகச் சுவரேறி அம்மாவின் சாமி அறைக்கே போய்விட்டது. "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் சரிவராது, கிருஷ்ணராஜ்," என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அந்த வீடு கிடைக்க அவன் பட்ட பாடு அப்படி. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று தெரிந்ததும் ஒன்பது வீட்டுக்காரர்கள், வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்று சொன்னார்கள். அடுத்த மாதமும் அந்த வீடுகள் பூட்டியே கிடந்தன. மங்களேஸ்வரி அம்மா மட்டும்தான் ஊரைக் கேட்டுவிட்டும் சாவியைக் கொடுத்தார். இப்போது ஒப்பந்தம் முடிகிற மாதம். அவருடைய தம்பி மகன் மயூரதன் கண்டிக்கு மாற்றலாகி, வீடு பார்க்கச் சனிக்கிழமை வருகிறான். "மாசக் கடைசியில கதைப்பம்" என்று அம்மா சொன்னதிலிருந்து கிருஷ்ணராஜின் மனைவி நிரோஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வர்றவங்களுக்கு ஒரு போத்தல் குடுத்துப் பார்ப்போங்க," என்றாள். "ஆனா ஒரு சொட்டு சிந்தக்கூடாது."

சிந்தாமல் ஊற்ற அவனிடம் வழி இருந்தது. பார்மசியில் புதிதாக ஒரு சேலைன் குழாய் வாங்கி வந்தான். பியரைத் துணியில் இரண்டு தரம் வடித்து, வாளியை மேசை மேல் ஏற்றி, போத்தல்களைக் கீழே பேசினுக்குள் நிறுத்தினான். வாளியில் அமிழ்ந்த குழாயின் மறுநுனி போத்தலின் அடியைத் தொட்டால் நுரை கிளம்பாது. நிறைந்ததும் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டினால் ஒழுக்கு நிற்கும். ஆறு போத்தலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தரை காய்ந்தே கிடந்தது.

ஆனால் பதினாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? வார்டில் சேலைன் ஏற்றும்போது குழாயில் ஒரு குமிழி தெரிந்தாலும் நர்ஸ்மார் உயிரை எடுத்துவிடுவார்கள். காற்று என்றாலே அவனுக்கு ஆகாது. ஒவ்வொரு போத்தலையும் தட்டித் தட்டிக் குமிழியைப் போக்கி, மூடி வரை நிரப்பி, இறுக்கி வைத்தான். புளித்துக் கிளம்பும் வாயுவுக்குக் கழுத்தில் இரண்டு விரல் இடம் விட வேண்டும் என்பது நினைவிலேயே இல்லை. ஜக்கால் ஊற்றிய காலத்தில் அந்த இடம் தானாகவே மிஞ்சியிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நிரோஷா ஒரு போத்தலை மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். சனிக்கிழமை காலை கிருஷ்ணராஜ் தன் பங்கில் ஒன்றைத் திறந்தான். மூடி பாதி திரும்புவதற்குள் கையை விட்டுப் பறந்தது. பியர் சீலிங்கில் அடித்து அவன் தலையிலேயே வடிந்தது. நிரோஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று முகம் மாறியது.

"என்னங்க, மேல குடுத்த போத்தலு?"

மேலே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. விருந்தாளி வந்துவிட்டான்.

போய்ச் சொன்னால், திரும்பவும் குழப்பிவிட்டேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகும். வீடு கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால், அந்த மூடி யாருடைய கண்ணிலாவது படலாம். கண்ணில் அடிபட்டு வந்தவர்களை அவன் தள்ளுவண்டியில் எத்தனையோ தரம் தள்ளியிருக்கிறான். ஈரச் சட்டையோடு படியேறி ஓடினான்.

மயூரதனின் கை மூடியில் இருந்தது.

"தொறக்காதீங்க!"

மங்களேஸ்வரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன கிருஷ்ணராஜ், குடுத்ததைத் திருப்பிக் கேக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லம்மா. இடம் விடாம ஊத்திப்புட்டேன், என் பிழைதான். இப்பத் தொறந்தா மூஞ்சியிலயே அடிக்கும். கீழ சீலிங் எல்லாம் ஆயிருச்சு. நானே கழுவிக் குடுத்திர்றேன்."

அவர் குசினியைக் கைகாட்டினார். கிருஷ்ணராஜ் போத்தலைத் துவாயால் சுற்றி, சிங்குக்குள் வைத்து, மூடியை நூலளவு திருப்பினான். 'உஸ்' என்றதும் மூடினான். மறுபடி நூலளவு. இருபத்தைந்து நிமிடம் இதே வேலை.

மயூரதன் குசினி வாசலில் நின்றுகொண்டு கேட்டான். "கீழ் வீட்டில எத்தினை அறை அண்ணை?"

"ரெண்டு."

"தண்ணி ஒழுங்கா வருமோ?"

"எப்பவும் வரும்."

"சுவர் ஈரம் பிடிக்கிறேல்லையோ?"

ஈரம் பிடிக்கும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இல்லைங்க, நல்ல வீடு," என்றான்.  தன் வீட்டைத் தானே எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது.

கடைசியில் மூடி சாதுவாகக் கழன்றது. இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்துவிட்டு அவன் வாசலுக்குத் திரும்பினான்.

"தம்பி," என்றார் மங்களேஸ்வரி அம்மா மயூரதனிடம், "உனக்கு வேற வீடு பாப்பம்."

"ஏன் மாமி? இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். இப்ப எடுத்திட்டன். கீழ ஆக்கள் இருக்கினம்."

கிருஷ்ணராஜ் படியிறங்கி வந்தான். கதவருகே நின்ற நிரோஷா அவன் கையைப் பிடித்து, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"கீழ ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னாங்க," என்றான். சொல்லிவிட்டு, நாற்பத்து நாலு வயதில், வாசல்படியில் உட்கார்ந்து அழுதான்.