மிஞ்சிய கல்லூரி

ஜப்பான்காரன் காலத்தில் நான் செய்த வேலைகளில் கொஞ்சம் நீடித்தது சிகரெட் சுருட்டி விற்றது. புகையிலைக்குப் பஞ்சமில்லை. கிடைத்த நிலத்தில் எல்லாம் பயிரிட்டு, வெயிலில் உலர்த்தி, கோணிப்பையில் கொண்டுவந்து தருவார்கள். தாள்தான் கிடைக்காது. செய்தித்தாள் புகை தொண்டையை அறுக்கும். பாடப்புத்தகத் தாள் தடிமன், பாதியில் அணைந்துவிடும். மெல்லிய, வழவழப்பில்லாத, கடைசி வரை ஒரே சீராக எரிகிற தாள் நாங்கள் இருந்த காஜா பெராங் வட்டாரத்தில் ஒரே ஒருவனிடம் இருந்தது. அது அமெரிக்கக் கல்லூரிகள் தபாலில் அனுப்பிய தாள்.

அவன் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரசரின் ஒரே மகன். ஜப்பான்காரன் சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான சீனியர் பாஸ் பண்ணியவன். இங்கிலாந்தில் படிக்க அப்பாவின் சம்பளம் போதாது, அமெரிக்காவில் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே கண்ணில் பட்ட கல்லூரிக்கெல்லாம் எழுதிப் போட்டான். ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி ஒரு விவரப் புத்தகம் அனுப்பியது. என்ன படிக்கலாம், எங்கே தங்கலாம், எவ்வளவு செலவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு தகரப் பெட்டி நிறைய வந்து சேர்ந்தன. அவற்றில் எதற்கு விண்ணப்பிப்பது என்று அவன் முடிவு செய்வதற்குள் குண்டு விழுந்தது.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு ஓடிவந்தவன். எங்கெங்கோ சுற்றி, அவர்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாய்ப்பில் படுக்க இடம் பிடித்தேன். வாடகைக்குப் பதில் விறகு பிளந்தேன், மரவள்ளி நட்டேன். வீடு ஒரு செட்டி அம்மாளுடையது. பக்கத்து வீட்டில் இருந்தாள். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய்; தமிழை மறந்து பல தலைமுறை ஆன குடும்பம். டிரசர் தமிழில் கத்துவதெல்லாம் தன் கோழிகளைத்தான் என்று நினைத்துக்கொண்டு அவற்றை ஓடிவந்து பிடித்துக்கொள்வாள். டிரசர் கத்தியது மகனைப் பார்த்து.

"என்னங்க துரை, இன்னிக்கு எந்தக் காலேஜ வேணாம்னு சொன்னீங்க?"

அதில் உண்மை இருந்தது. அரிசி குறையக் குறைய அவன் என்னிடம் புத்தகம் விற்க ஆரம்பித்தான். ஆனால் எடுத்த எடுப்பில் தரமாட்டான். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து, அந்தக் கல்லூரி எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்த பிறகுதான் கொடுப்பான். எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் படித்துச் சொல்வான், நான் கேட்டுக்கொண்டே புகையிலை நறுக்குவேன்.

முதலில் போனது வடக்கே இருந்த ஒன்று. ஆள் இடுப்பளவு பனியில் நின்று சிரிக்கிற படம் இருந்தது.

"மழை பேஞ்சாலே எனக்கு நடுங்குது. இது வேணாம்."

"கம்பளி போட்டுக்கலாம்ல அண்ணே?"

"கம்பளி உங்க தோட்டத்துல காய்க்குதாடா?"

அடுத்தது தெற்கே ஒன்று. என்னைப் போன்ற கறுப்பு நிறத்தவன் உங்கள் விடுதியில் தங்கலாமா என்று இவன் கேட்டிருந்தான். தாங்கள் வேறு இடத்தில் கூடுதல் வசதியாக உணர்வீர்கள் என்று மரியாதையாகப் பதில் வந்திருந்தது. அந்தப் புத்தகத்தை அவன் முழுக்கப் படிக்கவில்லை. அப்படியே என் மடியில் போட்டான். தினமும் காலையில் மாதாகோயிலுக்குப் போயே ஆகவேண்டும் என்ற கல்லூரி ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. "சாமி கும்பிட்டா சோறு போடுவானா, அதச் சொல்லுங்க" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அவனுக்கும் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்திலும் அவன் தேடியது அதைத்தான்: தட்டு கழுவினால் சாப்பாடு உண்டா?

டிரசர் அதற்கும் விடமாட்டார். "தட்டு கழுவ அமெரிக்காவுக்குப் போகணுமா? இங்க கழுவு. காலியாத்தான் கெடக்கு."

நானும் என் யோசனையைச் சொல்வேன். "கப்பல் வர்ற ஊரா பாருங்க அண்ணே. புடிக்கலைன்னா ஓடி வந்துடலாம்."

"படிக்கப் போறவன் ஏண்டா ஓடி வரான்?"

எனக்கு அது புரியவில்லை. நான் போன எந்த இடத்திலிருந்தும் ஓடாமல் வந்ததில்லை.

விற்ற மறுநாள் தவறாமல் கேட்பான்: "எப்படி எரிஞ்சுது?" நானும் சொல்வேன். தெற்குக் கல்லூரி நன்றாக எரிந்தது. பனிக் கல்லூரி சரியில்லை. சாலை முனையில் காவல் நின்ற சிப்பாய் என் சிகரெட் தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு, ஒன்றைப் பற்றவைத்தான். அது இரண்டு இழுப்பில் அணைந்தது. குனிந்து வணங்கி நிமிர்ந்த என்னை அறைந்தான். மறுபடி பற்றவைத்தான், மறுபடி அணைந்தது, மறுபடி அறைந்தான். இடது காது அதற்குப் பிறகு சரியாகக் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னதும் டிரசர் மகன், "நான்தான் அப்பவே வேணாம்னு சொன்னேன்ல, அந்தக் காலேஜு" என்றான். இருவரும் சிரித்தோம்.

பெட்டியில் இரண்டு புத்தகங்கள் மிஞ்சியபோது சயாமுக்கு ஆள் பிடிக்கிற காலம் வந்தது. அங்கே ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்குக் கூலி ஆட்கள் வேண்டியிருந்தது. தோட்டங்களில் பிடித்து முடித்துவிட்டு நகரத்துக்கு வந்தார்கள். வேலைச் சீட்டு இல்லாதவனைத் தெருவில் பார்த்தால் லாரியில் ஏற்றினார்கள். எனக்குச் சீட்டு இல்லை, அவனுக்கும் இல்லை. நான் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஜப்பான்காரனுக்கு மரம் வெட்டும் கும்பலில் சேர ஏற்பாடு செய்துகொண்டேன். அவனுக்கு டிரசர் ஏற்பாடு செய்தார். சயாம் போகும் ஒரு கும்பலுக்குப் பேர் எழுத, ஆங்கிலம் தெரிந்த கிராணி, அதாவது குமாஸ்தா, வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். மூன்று மாதம், பிறகு திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்களாம். டிரசர் மகன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கூலியா புடிச்சிட்டுப் போறதுக்குக் கிராணியா போயிட்டு வந்துடட்டும். கிராணி மண்வெட்டியத் தொடமாட்டான்" என்றார்.

அவர் பல வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். நான் தோட்டத்தில் பிறந்தவன். கிராணி செருப்பில் சேறு ஒட்டி நான் பார்த்ததில்லை. தொப்பி, பேனா, நிழலில் ஒரு நாற்காலி. உலகத்தில் எங்கே போனாலும் கிராணி கிராணிதான் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம்.

கிளம்புகிற அன்று மத்தியானம் அவன் இரண்டு புத்தகங்களையும் பாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தடித்தது ஒரு பெரிய நகரத்துப் பல்கலைக்கழகம். சாயங்கால வகுப்புகள் இருந்தன. வெளிநாட்டு மாணவனுக்கு நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை தருவார்கள். மெல்லியது சமவெளியில், வயல்களுக்கு நடுவே ஒரு விவசாயக் கல்லூரி. செலவு குறைவு. மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தால் சாப்பாடு. ஆனால் முதல் இரண்டு வருஷம் ஆண் மாணவர்கள் எல்லோரும் துப்பாக்கி தூக்கி மைதானத்தில் அணிவகுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே டிரில் வகுப்புக்கு ஒளிந்துகொண்டவன் அவன்.

"பெருசுதான்" என்றான். அப்பாவிடம் போய், "சண்டை முடிஞ்சதும் இதுக்குத்தான் எழுதப் போறேன். கஷ்டம்னா சின்னத வித்துக்குங்க. பெருசத் தொடாதீங்கப்பா" என்றான்.

"உன் வேதத்த நான் தொடலடா சாமி. போயிட்டு வா."

தொப்பி போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு லாரியில் ஏறினான். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். இவனுக்கு டிரைவர் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்கள். டிரசர் என்னைப் பார்த்து, பார்த்தியா என்பது போலத் தலையாட்டினார்.

மூன்று மாதம் போனது. அதற்கு மேலும் போனது. நான் மரம் வெட்டினேன், காய்ச்சலில் கிடந்தேன், உதைத்து விரட்டப்பட்டேன். நகரத்துக்குத் திரும்பியதும் ஒரு முஸ்லிம் கடையில் கொஞ்சம் உப்பு வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உயரமான ஜன்னல்கள், வரிசையாக மேசைகள், குனிந்து படிக்கிற ஆட்கள். அந்தப் படத்தை அவன் எனக்குப் பல தடவை காட்டியிருக்கிறான். அவன் உட்காரப்போகும் மேசையையும் காட்டியிருக்கிறான். புத்தகத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேட்டேன். அட்டைதான் இருந்தது. அதை வைத்து அவர் அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

டிரசருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். என்ன வியாதி என்று அவருக்கே தெரியும். அரிசித் தவிடும் பயறும் தின்றால் சரியாகிவிடும் என்பதும் தெரியும்.

"சின்னதத்தான்டா கொண்டு போனேன்" என்றார். "கடைக்காரன் ஏடு பத்தாதுன்னுட்டான். தடியா இருந்தா கொண்டான்னான். அவனுக்குப் பொட்டலம் மடிக்கணும், எனக்குத் தவுடும் பயறும் திங்கணும். வயித்துக்கு எந்தக் காலேஜுன்னு தெரியுமா?"

அவர் போட்ட கஞ்சியில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. குடித்தேன்.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சில மாதம் கழித்துத்தான் அவன் வந்தான். லாரி சாலை முனையில் இறக்கிவிட்டது. சிப்பாய் என்னை அறைந்த அதே முனை. மூங்கில் கட்டையை அக்குளில் கொடுத்து வந்தான். இடது கால் முட்டிக்கு மேலேயே முடிந்திருந்தது. மூங்கில் சிராய்ப்பு புண்ணாகி, புண் எலும்பு வரை போய், அங்கேயே அறுத்துவிட்டார்களாம். அறுத்தது மரம் அறுக்கிற ரம்பத்தால்தான் என்று அவன் சொன்னபோது டிரசர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"கிராணின்னு எழுதித்தானே குடுத்தேன்" என்றார்.

"அங்க யாருக்குப்பா தெரியும், கிராணின்னா? மொத நாளே தொப்பியப் புடுங்கிட்டு மண்வெட்டியக் குடுத்தான்."

"பேனா?"

"பேனாவ நம்ம ஆளே திருடிட்டான்."

செட்டி அம்மாள் வேலி ஓரம் வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போய் ஒரு முட்டை கொண்டுவந்தாள். அவன் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, "பெட்டிய எடுங்கப்பா" என்றான்.

டிரசர் தகரப் பெட்டியை இழுத்துவந்து வைத்தார். அவனே திறந்தான். உள்ளே மெல்லிய புத்தகம் மட்டும் கிடந்தது. அதைத் தூக்கி அடியில் பார்த்தான்.

"பெருசு?"

டிரசர் சுவரைப் பார்த்தார். "தின்னுட்டேன்" என்றார்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். அப்பாவின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லிய புத்தகத்தைத் திறந்து, முழுசாக இருந்த தொடையில் வைத்துக்கொண்டு படித்தான். பழைய பழக்கம்போல முதலிலிருந்து கடைசி வரை. மாட்டுக் கொட்டகை பற்றிய பக்கத்தில் கொஞ்சம் நின்றான். அணிவகுப்புப் பக்கம் வந்ததும் எனக்காகத் தமிழில் சொன்னான்: முதல் இரண்டு வருஷம், எல்லா ஆண் மாணவரும், துப்பாக்கியோடு, மைதானத்தில்.

"பெருசுல இது இல்ல" என்றான். "உக்காந்து ஒட்டுற வேலை."

"தெரியும் அண்ணே."

"பொகையில வச்சிருக்கியா?"

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அந்தப் பக்கத்தை மட்டும், விளிம்பு பிசிறாமல், மெதுவாகக் கிழித்தான். எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று சுருட்டினான். சுருட்டத் தெரியாது அவனுக்கு, வயிறு பெருத்து வந்தது. மிச்சப் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் மை கேட்டான்.

டிரசர் ஆஸ்பத்திரி மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சின்னக் கல்லூரிக்கு அவன் எழுதும் விண்ணப்பத்தைத் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"காலப் பத்தி எழுதலியா?"

"கேக்கலியே" என்றான் அவன். சிகரெட் அணைந்திருந்தது. நெருப்புக்காக என் பக்கம் நீட்டினான்.