பெட்டிக்குள் ஆறு குடித்தனம்

அந்த ஆஸ்பத்திரியில் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போடும் ஆள் ஒருவர்தான். சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஏசி ஓயாமல் ஓடும் சின்ன அறை அவருடையது. சர்வர்காரர் என்பார்கள். பிரிண்டர் பழுது பார்க்க வந்தவர். பொறுப்பிலிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, சர்வரும் இவர் தலையில் விழுந்தது. விழுந்ததைக் கற்றுக்கொண்டார். அவரைக் கெட்டிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. பொறுமைசாலி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அவர் மனைவி அதே கட்டடத்தின் வாசலில், வரவேற்புப் பகுதிக்குத் தலைமை. ஆபீஸ் பேச்சு வீட்டில் கூடாது, வீட்டு உறவு ஆபீஸ் போனில் கூடாது என்பது இருவரும் கல்யாணமான புதிதில் செய்துகொண்ட ஒப்பந்தம். முதல் பாதியில் அவ்வப்போது ஓட்டை விழும். இரண்டாவது பாதியை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

"சர்வர் ரூமா?"

"சொல்லுங்க மேடம்."

"மறுபடி நின்னுபோச்சு சார். இங்க ஒரு பெரியவர் என்னை முறைச்சுக்கிட்டே நிக்கிறார்."

"பாத்துட்டுதான் இருக்கேன் மேடம்."

"நேத்தும் பாத்தீங்க."

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் மென்பொருளால் ஆன ஆறு கம்ப்யூட்டர்கள்: நோயாளிப் பதிவு, மருந்தகம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கணக்கு, புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒன்று. ஒரே வீட்டில் ஆறு குடித்தனம் மாதிரி. ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த வாரம் கூட்டம் ஏறும் நேரம் பார்த்து ஆறும் சேர்ந்தாற்போல் உறைந்து நின்றன. அணைத்துப் போட்டால் தற்காலிகக் குப்பை கழிந்து கொஞ்சம் ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அவர் ரேமை மாற்றினார், விசிறியில் தூசி தட்டினார், மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். டிஸ்கைச் சந்தேகப்படவில்லை. எந்தக் குடித்தனத்துக்குள் எட்டிப் பார்த்தாலும் பாதி இடம் காலி என்றே காட்டியது.

புதன்கிழமை நிர்வாகி வந்தார். குளிருக்குப் பயந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"என்ன தம்பி, உங்க பெட்டிக்கு தினமும் டீ பிரேக் விடணுமா?"

"கண்டுபிடிச்சுடுவேன் சார்."

"நாளைக்கு சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுது. எதனால வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு அதுக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

நிர்வாகி ஓய்வு பெறப் போகிறார். அவர் நாற்காலிக்கு யார் என்பதை அதே குழு அன்று முடிவு செய்யும். கணக்குப் பிரிவு சார் ஒருவர், வரவேற்புத் தலைமை ஒருவர். ஒருவர் வந்தால் மற்றவருக்கு அந்தக் கட்டடத்தில் அதற்கு மேல் ஏற ஒரு படியும் கிடையாது.

மத்தியானம் சர்வர்காரர் குடித்தனங்களை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தார். பெரிய இயந்திரத்தின் டிஸ்க் தொண்டை வரை நிரம்பியிருந்தது. ஆறுக்கும் பங்கு பிரித்தபோது, மொத்தப் பங்கு உண்மையான இடத்தைப் போல இரண்டு மடங்கு. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கமாட்டார்கள் என்ற தெம்பில் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். செய்தால் வீட்டுக்கும் ஒரு எச்சரிக்கை மணி வைக்கவேண்டும். அவர் குடித்தனங்களுக்கு மட்டும் வைத்திருந்தார்.

இடத்தைத் தின்றது பதிவு இயந்திரம். சில மாதங்களாக நோயாளிகளின் பழைய காகிதங்களையெல்லாம் வரவேற்பில் கலரில், உச்சத் தரத்தில் ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு அவர் மனைவியுடையது.

யாரும் தொடாத பயிற்சி இயந்திரத்தை அழித்தார். மற்ற ஐந்தும் எழுந்தன.

சாயங்காலம் அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"கலர்ல ஸ்கேன் பண்ணச் சொன்னது நீதானே?"

"ஆபீஸ் பேச்சா? நான்தான். கறுப்பு வெள்ளையில டாக்டர் சிவப்புல சுழிச்சது தெரியல. ஏன்?"

"அதுல டிஸ்க் நிரம்பிடுச்சு. அதான் நின்னுச்சு."

தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. "ஆரம்பிக்கும் முன்னாடி உங்களைக் கேட்டேனே. பாதி காலி, தாராளமா வைன்னு சொன்னீங்க."

"அப்படித்தான் காட்டுச்சு." பங்கு பிரித்த கதையைச் சொன்னார்.

"அதாவது, ஒரு அறையை ரெண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்க."

"எல்லாரும் பண்றதுதான். தொழில் வழக்கம்."

"வழக்கமா இருக்கட்டும். பெட்டி படுக்கையோட வந்து இறங்கினவ மேலதான் தப்புன்னு எழுதுவீங்களா?"

"அப்பா, நம்ம வீட்டை வாடகைக்கு விடறோமா?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"நீ படி."

"என் பேரை விட்டுட்டும் எழுதாதீங்க," என்றாள் மனைவி. "புருஷன் தயவுல வந்தவள்னு கணக்கு சார் காலம் பூரா குத்திக் காட்டுவார். அதுக்கு அந்த நாற்காலிக்கு அவரே வந்துட்டுப் போகட்டும்."

காலையில் எழுத உட்கார்ந்தார். ‘வரவேற்பில் படங்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்ததால்’ என்று ஆரம்பித்தார். பொய் இல்லை. ஆனால் எந்த அளவை மீறியது? அவர் யாருக்கும் அளவு சொல்லியிருக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். இருப்பதைவிட அதிகம் ஒதுக்கியது நான். மணி வைக்காததும் நான். ஸ்கேன் செய்யச் சொன்னது வரவேற்புத் தலைமை. அவர் முன்கூட்டியே கேட்டார். இடம் இருக்கிறது என்றேன்.

நிர்வாகி இரண்டு முறை படித்தார். "பொண்டாட்டியக் காப்பாத்தறீங்களா, காட்டிக் குடுக்கறீங்களா?"

"ரெண்டும் இல்ல சார்."

குழுவில் கணக்கு சார் ஸ்கேன் உத்தரவைத்தான் பிடித்துக்கொண்டாராம். வயதான உறுப்பினர் ஒருவர் கடைசி வரிகளைக் காட்டி, "கேட்டுட்டுதானே செஞ்சிருக்காங்க? இந்தக் கட்டடத்துல வேற யார் கேக்கறாங்க?" என்றாராம். அவளுக்கு நாற்காலி வந்தது. அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதை அவர் கோப்பில் வைத்தார்.

அடுத்த மாதம் புது டிஸ்க் கேட்டு எழுதினார். புது நிர்வாகியின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"கேட்டதுல பாதிதான் சார் இந்த வருஷம்."

"பாதி பத்தாது மேடம்."

"இருக்கறதுக்கு மேல யாருக்கும் ஒதுக்கலைன்னா?"

அவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். இழுத்துப் பிடித்தால் வருஷத்தை ஓட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பிரிவிடமும் போய், உங்களுக்குச் சொன்ன இடம் உங்களுக்கு இல்லை என்று சொல்லவேண்டும்.

"சொல்றது நீங்களா, நானா மேடம்?"

"ஒதுக்கினது யாரு?"

தாளை எடுத்துக்கொண்டு திரும்பினார். மருந்தகத்திலிருந்து ஆரம்பித்தார். சண்டையும் அங்கிருந்தே ஆரம்பித்தது.