சாயக்கார ஜெகநாதனும் இறால் தொட்டியும்

ஆரணியில் சாயக்கார ஜெகநாதனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் கையைத் தெரியாதவர்கள் கிடையாது. முழங்கை வரைக்கும் ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் கிளிப்பச்சை, ஒரு நாள் இரண்டும் கலந்து பெயர் சொல்ல முடியாத ஒரு நிறம். பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுத்து, கொதிக்கிற சாயத்தில் முக்கி முக்கி எடுக்கிற வேலை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் அந்த நிறம் போகாது. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பில் சேர்ந்தே பெயிலானவர்கள். 'அவர், இவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

நான் திருமலை. மார்க்கெட் பக்கத்தில் கண்ணாடிக் கடை. சாமி படத்துக்குச் சட்டம் போடுவேன், ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவேன். முன்கோபக்காரன் என்று பெயர் வாங்கியவன். கண்ணாடி வெட்டுகிறவனின் தோளை எட்டிப்பார்த்துக்கொண்டு நச்சரித்தால் கோபம் வராமல் வேறென்ன வரும்?

ஜெகநாதன் மனைவி கிருஷ்ணம்மாள் முள்ளிப்பட்டுப் பெண். வீட்டில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். மூன்று முறை உண்டாகி மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது, எழுபத்தாறில், மாதம் நிறைந்து பிறந்தது, பிறக்கும்போதே மூச்சில்லை. இனிமேல் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எழுபத்தெட்டு மாசி மாதம் ஒரு காலையில் ஜெகநாதன் கடைக்கு வந்து, "ஒரு தொட்டி செஞ்சி குடுப்பா" என்றான்.

"மீன் தொட்டியா?"

"எறா தொட்டி."

நான் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "எறாவ கொழம்புல போடுவாங்க. நீ இன்னா, தொட்டியில வெச்சி தாலாட்டப் போறியா?"

அவன் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். சைக்கிளில் ஏரி மீன் விற்கிற சின்னக்கண்ணுவிடம் கிருஷ்ணம்மாள் பொடிமீன் வாங்கியிருக்கிறாள். கழுவும்போது ஒரே ஒரு சின்ன இறால் உயிரோடு துள்ளியிருக்கிறது. வயிற்றுக்கடியில் கடுகு கடுகாக முட்டை. "வயித்துல புள்ளைங்கள சுமந்துகினு கீது, இத எப்படிங்க கொழம்புல போடறது?" என்று கேட்டிருக்கிறாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு அது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றி விட்டார்கள். மறுநாள் செத்துப்போயிற்று. அவள் சாப்பிடவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டு தொட்டி செய்தேன். இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, மூலைக்கு மூலை தண்ணீர் கசியாமல் பட்டி பூசினேன். கொண்டுபோய் வைத்ததும் கிருஷ்ணம்மாள் அதைக் குடிக்கிற பாத்திரத்தைப் போலத் தேய்த்துக் கழுவினாள். சின்னக்கண்ணு இருபது இறால் கொண்டுவந்து விட்டான். இரண்டே நாளில் இருபதும் போயிற்று. என் பட்டிதான் காரணமோ என்று எனக்குப் பயம். வெளியே சொல்லவில்லை.

சின்னக்கண்ணு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா தங்கச்சி, ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிகீற! ஏரில எவன் தேச்சிக் கழுவறான்? சேறு ஓணும், பாசி ஓணும், கொஞ்சம் நாத்தம் ஓணும். பதினஞ்சி நாளு எறா விடாத. தண்ணி பழசாவட்டும்."

ஏரிச் சேறு ஒரு கூடை, பாசி படிந்த கல் இரண்டு, வேலம்பாசிச் செடி ஒரு கொத்து, எல்லாம் அவனே கொண்டுவந்து போட்டான். தண்ணீர் கலங்கி, பிறகு தெளிந்து, இளம்பச்சையாக நின்றது. பதினாறாவது நாள் விட்ட பன்னிரண்டு இறாலில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அந்த நாலு மாதம் ஜெகநாதன் வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள். கிருஷ்ணம்மாள் ராட்டையைத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். இறாலுக்குக் கண்ணாடி உடம்பு; தின்பதுகூட உள்ளே போவது தெரியும். முன்னங்கால்களால் கல்லைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டே இருக்கும். "அண்ணா, பாருங்க, நாம நூல் எழைக்கிற மாதிரியே கீது" என்று என்னிடம் காட்டிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜெகநாதன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு தொட்டிக்கு இதற்குமேல் யாரும் கூலி கொடுக்க முடியாது.

ஆனியில் இரண்டு இறால் முட்டை வைத்தன. அவள் நாள் எண்ண ஆரம்பித்தாள். கரும்பச்சையாக இருந்த முட்டை வெளுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கண்! "இன்னும் ரெண்டு மூணு நாள்தான்" என்றான் சின்னக்கண்ணு.

அது ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள். எல்லா வீட்டிலும் போல அவளும் பாத்திரமெல்லாம் விளக்கினாள். அவளுக்குத் தாய்வீட்டில் சீராகக் கொடுத்த பெரிய செம்பு அண்டா ஒன்று உண்டு. புளி போட்டுத் தேய்த்து, புதுசு போல ஆக்கி, கோயில் கிணற்று நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தாள். வீட்டில் குடிக்கிற தண்ணீர் என்றைக்கும் அதில்தான். வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளை பெறப்போகிறவை சேற்றுத் தண்ணீரில் கிடக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பிரசவம் என்றால் வீட்டைக் கழுவி நல்ல தண்ணீர் வைப்பதுதானே வழக்கம்? தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு அண்டாவிலிருந்து மூன்று குடம் ஊற்றினாள். நான் அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்து, "பளிங்கு மாதிரி ஆயிடுச்சே தங்கச்சி" என்று புகழ்ந்துவிட்டு வந்தேன். ஆமாம், நான்தான் புகழ்ந்தேன்.

மத்தியானம் ஜெகநாதன் சாயப்பட்டறையிலிருந்து சாப்பிட வந்தான். வேலம்பாசி சாய்ந்திருக்கிறது, நிமிர்த்தி வையுங்கள் என்று அவள் சொல்ல, கையை முழங்கை வரை உள்ளே விட்டு நிமிர்த்தினான். அன்றைக்கு அரக்குச் சாயம். தண்ணீரில் ஒரு சிவப்புக் கீற்று ஓடி மறைந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன. முட்டையோடு இருந்த இரண்டும் கடைசியில் செத்தன. கத்தல் கேட்டு நான் ஓடியபோது அவள் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் தெருவுக்கே காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையிதான்! இந்தக் கையிலதான் வெஷம் கீது! எல்லாத்தையும் இந்தக் கையிதான் கொன்னுச்சி!"

எல்லாத்தையும் என்று அவள் சொன்னது இறாலை மட்டுமில்லை. அது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. ஜெகநாதன் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றான்.

ஊர் சும்மா இருக்குமா? 'கை பட்டா எறாகூட தாங்காதாம்' என்று பேச்சு பரவியது. டீக்கடையில் அதை முதலில் சொல்லிச் சிரித்தவன் யார் என்றால், அதுவும் நான்தான். பழக்கதோஷம், நாக்கு சும்மா இருக்காது. இன்றைக்கு அந்த நாக்கை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் தன் வீட்டுப் பானையைத் தொட்டதில்லை. தட்டு தனி, தம்ளர் தனி. எண்பத்தொன்றில் என் மகளுக்குப் பெயர் வைத்த அன்று இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான் குழந்தையை அவனிடம் நீட்டினேன். கிருஷ்ணம்மாள் கூட்டத்தில் சத்தமாகச் சொன்னாள்: "அவர் கையில குடுக்காதீங்கண்ணா." ஜெகநாதன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளை பறிகொடுத்தவளிடம் என்ன பேச முடியும்?

எண்பத்தாறில் காலேஜ் லெக்சரர் ஜெயச்சந்திரன் தொட்டி செய்யச் சொல்லி வந்தார். அப்போது பட்டியெல்லாம் போய்ப் பசை வந்துவிட்டது. காற்றுக் குழாயைக் கட்ட ஒரு துண்டு செம்புக் கம்பி எடுத்தேன். அவர் பதறினார்.

"செம்பு வேணாங்க! மீனாவது கொஞ்சம் தாங்கும், எறா தாங்காது. செம்புப் பாத்திரத்துல ஒரு ராத்திரி நின்ன தண்ணியே போதும், அத்தனையும் செத்துடும்."

கம்பியைக் கீழே வைத்தேன். "அந்தப் பாத்திரத்த புளி போட்டு தேய்ச்சிருந்தா?"

"தேய்ச்ச செம்பு தண்ணியில இன்னும் அதிகமா எறங்கும், ஜல்தியா சாவும்" என்றார்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினேன். ஜெகநாதன் வீட்டுப் பின்கட்டில் பட்டறையில் இருந்தான். மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினேன்: "உன் கை இல்லப்பா! அந்த அண்டா! அண்டாத் தண்ணிதான் கொன்னுகீது! எட்டு வருசமா..."

அவன் நூல் கற்றையைச் சாயத்திலிருந்து எடுத்துப் பிழிந்தான். "மெல்ல பேசு. உள்ள கீறா."

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!"

"எனக்குத் தெரியும்பா. அந்த வாரமே தெரியும்."

அவன் நிதானமாகச் சொன்னான். மனசு கேட்காமல் சின்னக்கண்ணுவிடம் பத்து இறால் வாங்கி, இதே பட்டறையில் இரண்டு பாட்டிலில் ஏரித் தண்ணீர் பாதி ஊற்றி, ஐந்து ஐந்தாக விட்டிருக்கிறான். ஒன்றில் தன் சாயக் கையை முக்கி எடுத்தான். இன்னொன்றில் அண்டாத் தண்ணீரை ஊற்றி நிரப்பினான். "கைய முக்கினது மூணு நாளு ஓடிகினு இருந்துச்சி. அண்டாத் தண்ணி ஊத்தினது அன்னைக்கு சாயங்காலமே முடிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சிகினுமா சும்மா இருந்த? என் பொண்ண உன் கையில குடுக்க வாணாம்னாளே, அப்பகூடவா?"

அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"மூணு தடவ முழுகாம இருந்தப்பவும் அந்த அண்டாத் தண்ணியத்தான், திருமல, அவ குடிச்சா. மனுசனுக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஊரே குடிக்குது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவ மனசு கேக்குமா? எறாவோட நிக்கமாட்டா. ஒண்ணொண்ணா பின்னால போயிகினே இருப்பா. அப்புறம் அவள நான் எங்க தேடறது? என் கையின்னு இருந்தா, என்ன திட்டிகினாவது இருப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில், சாயப்பட்டறையில் நின்று அழுதேன். எட்டு வருடம் இந்த மனிதன் தன் கையை ஊருக்கே குற்றவாளியாக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் டீக்கடையில் சிரித்திருக்கிறேன்.

என் சத்தம் கேட்டுக் கிருஷ்ணம்மாள் வெளியே வந்தாள். வெயிலில் ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதே அண்டாத் தண்ணீர். "இன்னா அண்ணா, வேர்த்துக் கொட்டுது, குடிங்க" என்று கையில் கொடுத்தாள். சொல்லவேண்டியதெல்லாம் என் வாய் வரைக்கும் வந்தது. ஜெகநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் குடித்தேன்.

மிச்சத் தண்ணீரோடு செம்பை வாங்கிக்கொண்டு அவள் அவனிடம் திரும்பினாள். "செம்ப தொடாதீங்க, நான் ஊத்தறேன்."

அவன் குனிந்து, அரக்கு ஏறிய இரண்டு கையையும் குவித்து ஏந்தினான். அவள் உயர்த்திப் பிடித்து ஊற்ற ஊற்ற, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் முழுவதையும் குடித்தான்.