பிணமாக நடித்தவர் எழுந்திருக்கவில்லை

படம் பிடிப்பது அடுத்தவர் வாசலில் நின்று செய்கிற தொழில். இதைச் சொன்னவர் கங்காணியாக இருந்த என் பெரிய மாமா. "படம் புடிக்கிறவன் அடுத்தவங்க வாசல்ல..." என்று தொடங்கினார். "நிக்கணும்" என்று முடித்தாரா, "நின்னு கேக்கணும்" என்று முடித்தாரா, மறந்துவிட்டது. சொந்தச் செலவில் படமெடுத்து வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டும் சரி என்று தெரிந்திருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. சென்னையில் படத்தொகுப்பு அறைகளில் சில காலம் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு சிறிய படம் எடுத்தோம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் அப்பா செத்துப்போகிறார். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாத மகளை, அவர்கள் இருந்த அறையான காம்பராவை விட்டுப் போகச் சொல்கிறார்கள். கதை அவ்வளவுதான். கேமரா, ஹட்டனில் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது. அதைப் பிடித்தவன் பொல்பிட்டிய ஊர்க்காரன் சமந்த. அவனுக்குத் தமிழ் வராது. நான் ஐந்தாம் வகுப்புவரை தமிழிலும் பிறகு சிங்களத்திலும் படித்தவன் என்பதால் இயக்குநரும் நானே, மொழிபெயர்ப்பாளனும் நானே. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் ஞாயிறுகளில் மூடியிருக்கும். எங்கள் சாமான்களை அங்கேதான் வைத்தோம்.

கதாநாயகி

மகளாக நடித்த செல்வராணி நிஜத்தில் கொழுந்து பறிப்பவர். காம்பராவை விட்டுப் போகச் சொன்னதும் படியில் உட்கார்ந்து குமுறி அழ வேண்டும் என்று எழுதியிருந்தேன். எத்தனை தடவை எடுத்தும் அழுகை வரவில்லை. வெங்காயம் வைத்துப் பார்க்கலாமா என்று சமந்த கேட்டதைத் தமிழில் சொன்னேன். அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெங்காயத்த கறிக்கு வச்சுக்கங்கண்ணே. எங்கப்பா போட்ட அடுப்பு இருக்கிற காம்பராவ விட்டுப் போகச் சொன்னா நா எதுக்கு அழணும்? சண்டைதான் புடிப்பேன்."

தப்பு

அந்தச் சண்டையை அப்படியே எடுத்தோம். அடுத்த ஞாயிறு சாவுக் காட்சி. தோட்டத்தில் நாங்கள் படமெடுத்த கீழ் டிவிஷனுக்கு லீவு. கொழுந்து முற்றுகிறதென்று மேல் டிவிஷனில் மட்டும் வேலை. தோட்டத்தில் சாவுக்கு அடிக்கிற தப்பு தனி அடி. மலைக்கு அந்தப் பக்கம் கேட்டாலும், யாரோ போய்விட்டார்கள் என்று கைவேலையைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவார்கள். ஆகவே மெதுவாக அடிக்கும்படி தப்புக்காரர் முனியாண்டியைக் கெஞ்சினேன். அவர் தப்பை நெருப்பில் காய்ச்சியபடியே சொன்னார்:

"கல்யாணம்னா மெதுவா அடிக்கலாங்க. சாவுக்கு மெதுவா அடிச்சா, செத்தவரு நாதியத்தவருன்னு ஆயிடும்."

வந்தவர்கள்

நாதியுள்ளவருக்கு அடிப்பதுபோலவே அடித்தார். கொஞ்ச நேரத்தில் மேல் டிவிஷன் பெண்கள் முதுகில் கூடையோடு வரிசையாக இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த மாரியாயி அக்கா வழியிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார். நான் ஓடிப்போய், "அக்கா, இது படம். யாரும் சாகல. நம்ம வாச்சர் சின்னசாமி அண்ணன்தான் பொணமா நடிக்கிறாரு" என்றேன். அவர் வெள்ளைத் துணிக்குள் கிடந்தவரையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரு கொழும்பு ஆஸ்பத்திரியில போனாரு தம்பி. அங்கயே பொதச்சாங்க. ஒரு தப்புச் சத்தம் இல்ல. இப்ப அது கேக்கையில எறங்கி வந்துட்டேன். அழுதுட்டே போறேன்."

உட்கார்ந்து, கணவன் பேரைச் சொல்லியே ஒப்பாரி வைத்தார். மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுதார்கள். சமந்த கேமராவை நிறுத்தவில்லை. 'எல்லாருக்கும் பேர் வெட்டுவேன், இன்னைக்குக் கூலி இல்ல' என்று சத்தம் போட்டுக்கொண்டே துரத்தி வந்த, மலையில் வேலை பார்வையிடும் கண்டாக்கு ஐயா, கிடந்தவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். படம் என்று தெரிந்த பிறகும் அவர் யாருக்கும் பேர் வெட்டவில்லை. காட்சி முடிந்து சின்னசாமி அண்ணனை எழுப்பப் போனேன். மூடிய கண்ணிலிருந்து காதுவரை ஈரம்.

"இவ்வளவு அழுத பொறவு நா எந்திரிச்சா மரியாதையா இருக்காது தம்பி. அவங்க மொதல்ல மேல ஏறிப் போகட்டும்."

வெட்டு

கொழும்பில் இந்த மாதிரிப் படங்களைத் திரையிடுகிறவர்கள் எங்கள் படத்தைப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள். செல்வராணியின் சண்டைக்குக் கைதட்டினார்கள். ஒப்பாரி மட்டும் நீளம், பாதியாக வெட்டினால் முதல் காட்சி எங்கள் அரங்கில், என்றார்கள். எங்கள் படத்தைக் கேட்ட ஒரே அரங்கு அதுதான். மாரியாயி அக்காவோ, தன் வீட்டுக்காரர் பேர் படத்தில் வருமா என்று என்னைப் பார்க்கிற போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்யலாம் என்று ரயிலில் சமந்தவிடம் கேட்டேன். அவன் சிங்களத்தில் சொன்னான்:

"அந்த அழுகையில ஒரு சொல்லும் எனக்கு விளங்கல்ல மச்சான். ஆனா எந்த இடத்தில வெட்டினாலும் அவங்கட மனுசன் பாதி வழியில நிப்பார்."

கதாநாயகி அழ மறுத்து, பிணம் எழுந்திருக்க மறுத்து, தப்புக்காரர் சொல் கேளாத ஒரு படத்துக்கு இயக்குநர் என்று என் பேரைப் போட்டுக்கொண்டு, ஒப்பாரியை முழுதாக வைத்து, முதல் காட்சியைப் பிள்ளைமடுவத்துச் சுவரில் போட்டேன்.